இடது ஜன்னலில் உட்கார்ந்த வேலை

உங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்துக்குப் பத்து வருஷம் ஆகிறதாம், மலர் போடுகிறார்களாம். செயலாளர் சமீனா திருவண்ணாமலைக்குப் போன் பண்ணி, "அஞ்சலைம்மா, இந்த நகர் உருவான கதைய நீங்கதான் எழுதணும்" என்றாள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். கூட்டத்தில் பேசச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜுரம் வந்திருக்கும். எழுதச் சொன்னதால் ஒத்துக்கொண்டேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் அடுப்பு வைத்துச் சமைக்கிற குடும்பங்கள் உங்கள் நகரில் நிறைய இருக்கின்றன. அவர்களில் பாதிப் பேரை அங்கே கொண்டு வந்து சேர்த்ததில் என் முதுகுக்கும் பங்கு உண்டு. வாய்க்கு இல்லை, முதுகுக்கு. எப்படி என்று எழுதுகிறேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு மனை விற்கிற கம்பெனி இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு அங்கே பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். நாலு வருஷம் துடைப்பமும் டீ கிளாசும்தான். அந்தக் காலத்தில் நம் ஊரில் எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒரு பிள்ளையாவது சென்னையில் வேலையில் இருக்கும். சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகும். தாம்பரம் பக்கம் ஒரு மனை, கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு மனை என்று பெற்றவர்கள் அலைவார்கள். அவர்களை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வேனில் ஏற்றி, இலவசமாக இடம் காட்டி, சாப்பாடு போட்டு, திருப்பிக் கொண்டு வந்து விடுவது கம்பெனி வழக்கம். பொம்பளைகள் வருகிற வண்டியில் துணைக்கு ஒரு பொம்பளை இருக்க வேண்டும். இருந்தவள் ஒரு நாள் வரவில்லை. மேனேஜர் சார் என்னைப் பார்த்தார். "அம்மா, பேசத் தெரியுமா?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். "ரொம்ப நல்லது, ஏறுங்க" என்றார்.

பயிற்சி அவ்வளவுதான்.

மேனேஜர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெற்றி நிறைய விபூதி, வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. பொய் சொல்லியும் பார்த்ததில்லை. அதுதான் அவருடைய திறமை. "தண்ணி நல்லா இருக்குமா சார்?" என்று கேட்டால், "நான் சொல்லக் கூடாதும்மா, நீங்களே குடிச்சுப் பாருங்க" என்பார். கேன் தண்ணீரைச் செம்பில் ஊற்றி நான் நீட்டுவேன். குடித்தவர்கள் தாங்களாகவே, "கல்கண்டு மாதிரி இருக்கு" என்பார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

கிலோமீட்டர் என்ற வார்த்தை அவர் வாயில் வராது. எல்லாம் நிமிஷம்தான். ரயில்வே ஸ்டேஷன் பத்து நிமிஷம், பைபாஸ் ரோடு ஏழு நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோட்டில் நாய்கூட எழுந்திருக்காத நேரத்தில் பைக்கில் போய் கடிகாரத்தைப் பார்த்து எடுத்த நிமிஷம் அது. அந்த வேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டியதுதான்.

இடத்துக்குப் போனதும் குடையை மடக்கி, குச்சி மாதிரி நீட்டுவார். "அதோ, அங்க ஸ்கூல் வரப்போகுது. அதுக்குப் பக்கத்துல ஆஸ்பத்திரி வரப்போகுது." எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு வெள்ளாடு மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு முறை ஒரு பெரியம்மா ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்கூல் வாசல இந்தப் பக்கம் வெப்பாங்களா, அந்தப் பக்கம் வெப்பாங்களா?" என்று கேட்டார். "உங்களுக்கு எந்தப் பக்கம் வசதிம்மா?" என்றார் சார். அந்தம்மா அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தார்.

இனி என் வேலை. வாந்தி எடுக்கிறவர்களுக்குக் கவரும் எலுமிச்சம்பழமும் கொடுப்பது. எந்த பெட்ரோல் பங்கில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது. தயிர்சாதப் பொட்டலம் பிரிப்பது. இதெல்லாம் சில்லறை. முக்கியமான வேலை, இடது பக்கம் இரண்டாவது ஜன்னலில் உட்கார்வது. உங்கள் நகருக்கு பைபாசிலிருந்து திரும்புகிற ரோட்டில் இடது கைப் பக்கம் முதலில் ஒரு கல்குவாரிப் பள்ளம், அப்புறம் குப்பைமேடு, அப்புறம் சுடுகாடு, அப்புறம் ஏரிக்கரை. முதலில் ஸ்கிரீன் போட்டிருந்தார்கள். ஸ்கிரீன் இருந்தால் ஜனங்கள் விலக்கிப் பார்க்கிறார்கள். ஒரு வயசான பொம்பளை சாய்ந்து உட்கார்ந்திருந்தால் விலக்கிப் பார்க்க மாட்டார்கள். அதனால் குவாரி வந்ததும் நான் ஜன்னல் பக்கம் முதுகைக் கொடுத்து, உள்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பொட்டலம் பிரிக்க ஆரம்பிக்க வேண்டும். ஏரிக்கரை முடியும்போது எல்லார் கையிலும் தயிர்சாதம் இருக்கும்.

நான் பேசாதவள் என்பதால் என்னை நம்பினார்கள். வளவளவென்று பேசுகிறவளைப் பார்த்தால் கம்பெனி ஆள் என்று சந்தேகம் வரும். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். "பாவம், வாயில்லாப் பொம்பளை" என்று எனக்கே ஊறுகாய் கொடுப்பார்கள்.

கம்பெனியில் இன்னொரு சட்டம் இருந்தது. மழை மாசத்தில் இடம் காட்டக் கூடாது. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். இதற்கு சார் கண்டுபிடித்த காரணம் நம் ஊரில்தான் செல்லும். "தீபம் வருதுங்க. ஊரெல்லாம் அடைச்சிருக்கும். முடியட்டும், போலாம்." திருவண்ணாமலைக்காரன் எவனாவது இதற்கு மறுபேச்சுப் பேசுவானா? கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவான். தீபம் முடிந்து, மார்கழி கழிந்து, தை பிறக்கும்போது தண்ணீர் வடிந்து தரை காய்ந்திருக்கும். ஆடும் வந்துவிடும்.

இப்படிப் பல வருஷம் ஓடியது. ஒரு கார்த்திகை மாசம், மழை ஊற்றிக்கொண்டிருந்த நாளில், பரீதாக்கா ஆபீசுக்கு வந்தார். தேரடித் தெரு பக்கம் அவருக்கும் அவர் வீட்டுக்காரர் பாய்க்கும் சின்னதாக ஒரு தையல் கடை இருந்தது. இரண்டு பேருமே மெஷினில் உட்காருவார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். பெண்ணுக்குத் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஒரு ரூமில் நாலு பெண்களோடு அஞ்சாவது ஆளாக வாடகைக்குப் படுத்திருந்தாள். அந்தக் கடை இடத்தை விற்று, அவள் ரயிலில் வேலைக்குப் போய் வருகிற மாதிரி ஒரு மனை வாங்கிக் கூரை போட்டு, நாலு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று பரீதாக்காவுக்கு எண்ணம். கடைக்கு ஆள் பார்த்துப் பேசி முடித்தாகிவிட்டது. இடம் மட்டும் பார்க்க வேண்டும்.

சார் மெல்லிய குரலில் ஆரம்பித்தார். "தீபம் வருதும்மா. ஊரெல்லாம் அடைச்சிருக்கும்..."

"தீபம் உங்களுக்கு சார். நாங்க ஓரமா போய்ட்டு வந்துடறோம்."

சாருக்கு இது புதுசு. விபூதியைத் தடவிக்கொண்டார். "அதுக்கு இல்லம்மா. டிரைவருக்கு வேண்டுதல் இருக்கு."

டிரைவர் கோதண்டம் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். "எனக்கு இன்னா சார் வேண்டுதல்?" என்றான்.

பரீதாக்கா சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல வரோம். கடைய வாங்கறவன் வாரக் கடைசிக்குள்ள எழுதிக் குடுன்னு நிக்கறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இதுவும் புதுசு. "அம்மா, நம்ம இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, மேட்டுல வேற ஒரு கம்பெனி மனை போட்டிருக்கான் இல்ல? வண்டிய அங்க நிறுத்தச் சொல்லியிருக்கேன். அவங்க எறங்கிப் பாக்கட்டும். இதுதான் அதுன்னு நீங்க சொல்ல வேணாம். வழக்கம்போல இருங்க. நான் உங்கள பொய் சொல்லச் சொல்லல பாருங்க." மறுநாள் அவருக்குக் காதுவலி. அவர் வரவில்லை.

வேனில் நாங்கள் நாலு பேர். கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் என்று வழியெல்லாம் மழை. பரீதாக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தன் பெண் படித்த கதையெல்லாம் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். குவாரி வந்தது. முதுகைத் திருப்பினேன். பொட்டலத்தைப் பிரித்தேன்.

மேட்டில் வண்டி நின்றது. காய்ந்த தரை, மஞ்சள் பெயின்ட் அடித்த கல், அழகாக இருந்தது. பாய் அடி வைத்து அளந்தார். பரீதாக்கா குடையோடு நாலு மூலையும் நடந்தார். "இங்க அடுப்படி. இங்க மெஷின் போட்டா வெளிச்சம் வரும்" என்றார். அப்புறம் திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். "அஞ்சல, அந்த மேனேஜர் பேச்சுல எனக்கு நம்பிக்கையே இல்ல. உன்னைப் பாத்துதான் மனசு ஒப்புது. பேசாதவங்களுக்குப் பொய் வராது."

கையை உருவிக்கொண்டு, மீந்த பொட்டலங்களைக் கட்ட ஆரம்பித்தேன்.

வண்டி திரும்பியது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், வரவில்லை. எனக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மூன்றாம் கிளாசில் டீச்சர் பெயர் கேட்டால் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். அது ஞாபகம் வந்தது. முன் சீட்டுப் பையில் மனை வரைபடத் தாள் கட்டுக்கட்டாக இருந்தது, பென்சிலும் இருந்தது. ஒரு தாளைத் திருப்பி, குலுங்குகிற வண்டியில் பெரிய எழுத்தாக எழுதினேன். மடித்துப் பரீதாக்கா கையில் வைத்தேன். வைத்துவிட்டு என் உயிர் போனாலும் பரவாயில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரீதாக்கா பிரித்தார். தலைகீழாகப் பிடித்தார். நேராகப் பிடித்தார். மறுபடியும் மடித்தார்.

"எனக்குத் தமிழ் படிக்க வராது அஞ்சல. சின்ன வயசுல மதரசால அரபி ஓதினதோட சரி. இவருக்கும் கண்ணாடி வீட்டுல. நீ எழுதினதுதானே, நீயே படி."

பார்த்தீர்களா. எழுதினால் பேச வேண்டாம் என்று எழுதினவளைச் சத்தமாகப் படி என்கிறார். கோதண்டம் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறான். தாளை வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன்.

"இது... நம்ம எடம்... இல்லக்கா. நம்ம எடம்... ஏரிக்குள்ள இருக்குது. வாங்காதீங்க."

கோதண்டம் பிரேக் போட்டான். "அஞ்சலம்மா! உனக்குப் பேச வருமா?" என்றான்.

பரீதாக்கா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அப்புறம், "வண்டியத் திருப்புப்பா. எங்க எடத்தைக் காட்டு" என்றார். கோதண்டம் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். திருப்பினான்.

உங்கள் நகர் ஆர்ச் அன்றைக்குத் தண்ணீருக்கு நடுவில் கல்யாண மண்டப வாசல் மாதிரி நின்றது. உள்ளே மனைக் கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. 'சிறுவர் பூங்கா' என்று எழுதிய தகர போர்டு மட்டும் கழுத்தளவு முங்கி நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு கொக்கு, ஒற்றைக் காலில், மீனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பாய் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆர்ச் அடியிலேயே நின்றுவிட்டார். பரீதாக்கா புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். கொக்கையே பார்த்தார்.

"இதுக்கு யாரு ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்தது?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்த முகம் அப்படியே அழுகையாக மாறியது. "கடைய வித்தாச்சு அஞ்சல. வேற எங்க கேட்டாலும் இதைவிட ஜாஸ்தி. கம்மியா சொன்னவன் இவன் ஒருத்தன்தான். அந்த மேட்டுல போய்க் கேட்டா ரெண்டு மடங்கு சொல்வான். பொண்ணு படுத்திருக்கற ரூம்லயும் இதே தண்ணிதான் வருது, அதுக்கு வாடகை வேற." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுல காயற எடம்னு ஒண்ணுகூட இல்லயா?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பென்சில் தேவைப்படவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அங்கே பொட்டலம் பொறுக்கியிருக்கிறேன். எந்தக் கல் எங்கே என்று எனக்குத் தெரியும். பாய் நின்ற இடத்தைக் கையால் காட்டினேன். "அவரு நிக்கறாரே, அதான் ஒண்ணாம் நம்பர். ஆர்ச் போட மண்ணடிச்சு ஒசத்தினது. அது முதலாளியோட மச்சானுக்குன்னு வெச்சிருக்காங்க."

"அவருக்கு நீச்சல் தெரியும் இல்ல?" என்றார் பரீதாக்கா.

அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸ் மேஜை மேல் அந்தத் தாளை வைத்தார். சார் படித்தார். என் எழுத்து அவருக்குத் தெரியும், சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவள்தானே. என்னைப் பார்த்தார். காதுவலி இருக்கிற பக்கத்தை மறந்து இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லக் கூடாது..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க சார். இவ்ளோ நாள் சொல்லாததே போதும். ஒண்ணாம் நம்பரை அதே ரேட்டுக்கு எங்க பேருல எழுதுங்க. இல்லன்னா இந்தப் பேப்பரை வெள்ளிக்கிழம தொழுகை முடிஞ்சு ஆளுங்க வெளிய வரப்போ பள்ளிவாசல் எதிர்ல ஒட்டிடறேன். எனக்குத்தான் படிக்க வராது. மத்தவங்களுக்கு வரும்."

எழுதிக் கொடுத்தார். அந்த நர்ஸ் பெண்தான் இப்போது உங்கள் செயலாளர். மழைக்காலத்தில் சங்கக் கூட்டம் ஏன் எப்போதும் செயலாளர் வீட்டிலேயே நடக்கிறது என்று யாராவது யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

எனக்குத் திட்டு விழவில்லை. சார் திட்ட மாட்டார். "அம்மாவுக்கு வேன் ஒத்துக்கல, ஆபீசுலயே இருக்கட்டும்" என்றார். மறுபடியும் துடைப்பம். ஆனால் தையல் கடையைக் காலி பண்ணும் முன் தைத்த துணியை வாங்க வந்த பொம்பளைகள் வாய் சும்மா இருக்குமா? இரண்டு மாசம் கழித்து மனை பார்க்க வந்தவர்கள் எல்லாம், "அந்தப் பேசாத அம்மா வராங்களா? வந்தாதான் ஏறுவோம்" என்று நின்றார்கள். சாருக்கு வேறு வழியில்லை. மறுபடியும் இடது ஜன்னல். வண்டி கொஞ்ச தூரம் போனதும் யாராவது குனிந்து, "அம்மா, ஒரு வரி எழுதிக் குடுங்க" என்பார்கள். அப்புறம் வேனில் பென்சில் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் சொந்தத்தில் ஒன்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அதற்காக என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பரீதாக்காவுக்கு முன்னால் வந்தவர்களுக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை. தயிர்சாதம்தான் கொடுத்தேன். அவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினால் அது நியாயம்தான்.

போன வருஷம் வேனையே நிறுத்திவிட்டார்கள். இப்போது ட்ரோன் என்று ஒன்றைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறார்கள். மேலே இருந்து பார்த்தால் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கிறது. அதில் இடது ஜன்னலும் இல்லை, மறைத்துக்கொண்டு உட்கார ஒரு பொம்பளையும் தேவையில்லை. "அம்மா, வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார் சார். எடுக்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் சென்னை தாம்பரத்தோடு முடிந்தது. அப்புறம் கூடுவாஞ்சேரியைச் சென்னை என்று விற்றோம். அப்புறம் செங்கல்பட்டு, அச்சிறுபாக்கம், திண்டிவனம். கட்டுப்படியாகிற விலை எங்கே இருக்கிறதோ, சென்னை அங்கே நகர்ந்து வந்துகொண்டே இருந்தது. இந்தக் கார்த்திகையில் பரீதாக்கா போன் பண்ணினார். சமீனாவின் தம்பி பெரியவனாகிச் சென்னையில் வேலைக்குப் போகிறான். கல்யாணம் பேசுகிறார்கள், பெண் வீட்டில் சொந்த இடம் கேட்கிறார்கள். உங்கள் நகரில் தண்ணீருக்குள் இருக்கிற மனைகூட இப்போது அவர்கள் கைக்கு எட்டாத விலையாம்.

"ஒரு எடம் கம்மியா சொல்றாங்க அஞ்சல. சென்னைப் புறநகராம். வீடியோ பச்சைப்பசேல்னு இருக்கு. உனக்குப் பக்கம்தான், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடு."

"எங்கக்கா?"

"கீழ்பென்னாத்தூர்."

  எத்தனை வருஷம் அந்த ஊரைத் தாண்டித் தாண்டிச் சென்னைக்குப் போனோம். கடைசியில் சென்னை அங்கேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

"பாத்துட்டு எழுதி அனுப்பறேன்க்கா" என்றேன்.

"எழுதாத. எனக்கு இன்னும் படிக்க வரல. இந்தப் பசங்க கிட்ட குடுத்தா வீடியோ நல்லாத்தானே இருக்குன்னு மழுப்பிடுவாங்க. போன்ல சொல்லு, நான் கேக்கணும். நாளைக்கு மத்தியானம் அட்வான்ஸ் கட்டப் போறான்."

மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். ஊருக்கு வெளியே இறங்கி, சேற்றில் நடந்து பார்த்தேன். திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்து போன் போட்டேன். நிற்க இடமில்லாத கூட்டம். போனில் கரகரவென்று சத்தம். "என்னா? கேக்கல, சத்தமா சொல்லு" என்கிறார் பரீதாக்கா. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னேன், கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன், அப்போதும் கேட்கவில்லை. மணியோ பன்னிரண்டு தாண்டிவிட்டது. முந்தானையை எடுத்துவிட்டேன். அந்த பஸ்ஸில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, என் ஆயுசிலேயே அவ்வளவு சத்தமாக நான் பேசினதில்லை.

"வேணாம்க்கா! பையனை நிறுத்துங்க! இங்கயும் கொக்கு நிக்குது!"